பேரும் ஆளும்

அட்டன், நுவரெலியாப் பகுதித் தோட்டங்களிலே முற்காலத்தில் பொழுது புலருமுன் தப்பொலி எழும். லயங்களினின்றும் தொழிலாளர் இறங்கிப் பெரட்டுக்களத்தில் வந்து நிற்பர். கணக்கப்பிள்ளை செக்ரோலை விரித்துப் பேர் அழைப்பார். நிற்போருள் ஒவ்வொருவர்க்கும் ஏட்டில் ஒரு பேர் இருந்து, ஏட்டிலுள்ள ஒவ்வொரு பேருக்கும் ஓர் ஆள் விடை கொடுப்பின், பேரும் ஆளும் தொகையில் ஒன்றென்பது தெளிவு. எண்ணிப் பார்க்கவேண்டியதே இல்லை. கணித நூலார் சார்பு என்று வகுத்துரைக்கும் கருத்தின் உயிர்நிலை இதுவேயாகும்.

ஒரு கூட்டத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் மற்றொரு கூட்டத்தின் ஓர் உறுப்பை, ஒன்றே ஒன்றை, உரியதாக்கும் விதியே சார்பு. இருவேறு உறுப்புகளுக்கு ஒன்றே உரியதாகாவிடின் அது ஒன்றுக்கு ஒன்றான சார்பு. இரண்டாங் கூட்டத்தில் எதுவும் உரியவரின்றி எஞ்சாவிடின் அது மேல் சார்பு. இவ்விரு பண்பும் ஒருங்கே அமையின் இருபுறச் சார்பு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மானிய அறிஞர் காண்டர் இத்தகைய இணைப்பைக் கொண்டே முடிவிலாத் தொகுதிகளையும் ஒப்பிட்டார். இம்மூவகைக்கும் இன்று உலகெங்கும் வழங்கும் பெயர்களைப் பரப்பியவர்கள், பூர்பாக்கி என்னும் புனைபெயரில் எழுதிய பிரெஞ்சுக் கணிதக் குழுவினர்.

இவ்வகைகளை நம் மலையக வரலாற்றிற் பொருத்திப் பார்ப்போம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தமிழகத்தினின்று வந்த தொழிலாளர்க்குத் தகர வில்லை ஒன்று வழங்கப்பட்டது. அதிலே தோட்டத்தின் எண்ணும் தொழிலாளியின் எண்ணும் பொறிக்கப்பட்டிருந்தன. தோட்டத்தின் எண்ணை மட்டும் நோக்கின், பலர்க்கு ஓர் எண். ஆதலின் அது ஒன்றுக்கு ஒன்றானதன்று. ஈரெண்ணையும் சேர்த்து நோக்கினால், ஒருவர் வில்லை மற்றொருவருடையதாகாது. ஆளைப் பிரித்தறிய ஒன்றுக்கு ஒன்றான சார்பே வேண்டுமென்பதை அந்நாளைய நிர்வாகம் நன்குணர்ந்திருந்தது.

லயத்து அறைகளோ வேறு வகை. அறை எதுவும் வெறுமையாக இல்லையெனின், குடும்பங்களினின்று அறைகளுக்கு அமையும் சார்பு மேல் சார்பு. ஓரறையில் இரு குடும்பங்கள் ஒண்டியிருப்பின், அது ஒன்றுக்கு ஒன்றானதன்று. அறை நிறைந்திருப்பதும், குடும்பத்துக்கு ஓர் அறை கிடைப்பதும் ஒன்றல்ல என்பதை இவ்வேறுபாடு காட்டுகின்றது.

இனி, இவ்வகுப்புகளுக்கெல்லாம் முற்பட்ட ஒரு நிபந்தனை உண்டு. முதற் கூட்டத்தில் எவரும் விடுபடலாகாது. ஒருவர் விடுபடினும் அது அக்கூட்டத்தின்மேல் அமைந்த சார்பே ஆகாது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் விளைவாக மலையகத் தமிழருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் உடன்படிக்கை செய்தனர். கணக்கிடப்பட்டோர் 9,75,000 பேர். அவருள் 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் உரியவராயினர். எஞ்சிய 1,50,000 பேர்க்கு எந்நாடு? அதனைப் பின்னர் ஆராய்வதென்று விடுத்தனர். 1974இல் சிறிமாவும் இந்திரா காந்தியும் அத்தொகையையும் 75,000, 75,000 எனப் பகுத்தனர்.

கூட்டல் சரியாயிற்று. ஆயினும், இவர் இந்நாட்டுக்கு உரியவர் என்று ஒவ்வொருவரையும் சுட்டும் விதியை அக்கூட்டல் தரவில்லை. தொகை முதலில் முடிவாயிற்று. பேர்கள் பின்னரே தேடப்பட்டன. அதனால் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளும் கடலின் இருகரையிலும் பிரிந்து வாழ நேர்ந்தது. நாடற்றோர் என்ற நிலையை நீக்குதற்கு 2003ஆம் ஆண்டிலும் ஒரு சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று.

தோட்டத்து வழக்கிலே அரைநாட் கூலியை 'அரைப்பேர்' என்பர். ஆளோ முழுமையாய் நிற்க, ஏடு அவரைப் பாதியாய்ப் பதிந்துகொள்ளும். கூட்டுத்தொகை சரியென்று ஏட்டை மூடுமுன், களத்தில் நிற்கும் ஒவ்வொருவர்க்கும் பேர் உண்டா என்று நிமிர்ந்து பார்த்தல் வேண்டும். கணிதம் நமக்கு உணர்த்தும் நேர்மை அதுவே.