கைதிகள் எழுப்பிய தேவாலயம்

ஆறாம் ஆண்டு மாணவர்களுடன் ஜார்ஜ் டவுன் பர்குவார் சாலையிலுள்ள செயின்ட் ஜார்ஜ் ஆங்கிலிக்கன் தேவாலயத்திற்குச் சென்று வந்தேன். இங்கிலாந்துத் திருச்சபையின் ஆலயம் என்றதும், படங்களில் கண்ட கூர்முனை வளைவுகளையும் கருமை படர்ந்த கற்சுவர்களையும் மாணவர்கள் எதிர்பார்த்தனர். கண்ணெதிரே நின்றதோ பருத்த வெண்தூண்கள் தாங்கிய கிரேக்கக் கோயில் முகப்பு. அதன் மேல் ஓர் ஊசிக் கோபுரம்!

இடைக்காலக் கூர்வளைவுப் பாணி அக்காலத்தில் வழக்கொழிந்திருந்தது. 1726இல் ஜேம்ஸ் கிப்ஸ் இலண்டனில் கட்டி முடித்த செயின்ட் மார்ட்டின் ஆலயத்தின் தூண் முகப்பும் கோபுரமுமே குடியேற்ற நாடுகளெங்கும் பரவின. சென்னையில் 1815இல் எழுந்த செயின்ட் ஜார்ஜ் ஆலயமும் அவ்வழியில் வந்ததே. அதுவே நம் பினாங்கு ஆலயத்திற்கு முன்மாதிரி. அங்குள்ளவை சுருள்தலை அயோனியத் தூண்கள்; இங்குள்ளவையோ அணிகலன் பூணாத டோரியத் தூண்கள். எனக்கு இந்த எளிமையே பிடித்திருக்கின்றது.

1817இல் தொடங்கிய பணி மறு ஆண்டே நிறைவுற்றது. கல்கத்தா பேராயர் மிடில்டன் 1819 மே 11 அன்று ஆலயத்தை அர்ப்பணித்தார். முதலில் கூரை மொட்டைமாடி போலத் தட்டையாக இருந்தது. நம் ஊர் மழை விடுமா? 1864இல் அதனைச் சரிவுக் கூரையாக மாற்ற வேண்டியதாயிற்று. ஜப்பானியர் காலத்தில் சேதமும் கொள்ளையும் கண்ட ஆலயம், 1948இல் சீரமைக்கப்பட்டது. 2007இல் தேசிய மரபுச் சின்னமாயிற்று.

இனி நான் சொல்ல விழைந்த செய்தி. வரைபடம் தந்தவர் கேப்டன் இராபர்ட் ஸ்மித். செங்கல்லும் சுண்ணாம்பும் சுமந்து சுவர் எழுப்பியவர்கள், கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியாவிலிருந்து நாடு கடத்திய கைதிகள். கம்பெனிக்கு அன்று பினாங்கு ஒரு சிறைத்தீவு. சின்ன மருதுவின் மகன் துரைச்சாமியும் எழுபதுக்கும் மேற்பட்ட தோழர்களும் 1802இல் இங்குதான் அனுப்பப்பட்டனர். ஆலயம் நிறைவுற்ற அதே 1818இல், கர்னல் வெல்ஷ் இத்தீவில் துரைச்சாமியை உருக்குலைந்த நிலையில் கண்டதாகத் தம் நினைவுக் குறிப்பில் எழுதியுள்ளார்.

உள்ளே சுவர்களில் நினைவுப் பலகைகள் உள்ளன. ஒவ்வொரு பெயராக வாசித்து வந்த மாணவி ஒருத்தி, “கட்டியவங்க பெயர் எங்கே, ஐயா?” என்றாள். பயண அறிக்கையின் முதல் வரியாக அக்கேள்வியையே எழுதச் சொன்னேன்.