மட்டாஞ்சேரியில் ஓர் அஞ்சுவண்ணம்

வாலாஜாபாத்திலிருந்து கொச்சி மட்டாஞ்சேரியின் யூதத் தெருவரை நம்மை அழைத்துச் சென்றது ஒரேயொரு சொல். அஞ்சுவண்ணம் என்பதே அச்சொல்.

கி.பி. 1000ஐ ஒட்டிச் சேர மன்னர் பாஸ்கர ரவி, முயிரிக்கோட்டில் ஜோசப் ரப்பான் என்னும் யூத வணிகருக்குச் செப்பேடு ஒன்று வழங்கினார். எழுத்து வட்டெழுத்து, மொழியோ தமிழிலிருந்து மலையாளம் முற்றிலும் பிரியாத காலத்து நடை. பகல்விளக்கு, பல்லக்கு, குடை முதலிய 72 உரிமைகளோடு அஞ்சுவண்ணமும் அவருக்கு அளிக்கப்பட்டது.

இதை யூதர் குடியிருப்பின் பெயரென்றே முந்தைய ஆய்வாளர் சிலர் கொண்டனர். தமிழ் முஸ்லிம்களின் இலக்கியத்தை அறிந்தோர் இதனை ஏற்பது கடினம். பழமையான இஸ்லாமியத் தமிழ் நூலாகிய பல்சந்தமாலை முஸ்லிம்களையே அஞ்சுவண்ணத்தார் என்கிறது. தோப்பில் முஹம்மது மீரானின் நாவலுக்கும் 'அஞ்சுவண்ணம் தெரு' என்றே பெயர். மேற்காசியாவிலிருந்து கடல் கடந்து வந்த பல சமயத்து வணிகர்களின் கூட்டமைப்பு அது என்பதே இன்று வலுப்பெற்றுள்ள கருத்து. கி.பி. 849ஆம் ஆண்டின் தரிசாப்பள்ளிச் செப்பேடு இதற்குத் துணைநிற்கிறது. கொல்லத்துக் கிறிஸ்தவப் பள்ளிக்கு வழங்கிய அக்கொடையில் சாட்சியர் கூஃபி அரபியிலும், பஹ்லவியிலும், எபிரேய எழுத்தில் அமைந்த பாரசீகத்திலும் ஒப்பமிட்டுள்ளனர். (புள்ளியிடாத அந்தக் கூஃபி எழுத்தில் நம் மாணவர்கள் நிச்சயம் தடுமாறுவர்!)

இந்த உறவு என்றும் இனிதாகவே இருந்தது என எழுதிவிடுவது எளிது, ஆனால் உண்மையாகாது. ஹிஜ்ரி 931இல், அதாவது 1524-25இல், கொடுங்கல்லூர் யூதர்மீது முஸ்லிம்கள் படையெடுத்து அவர்தம் வீடுகளையும் தொழுகை இல்லங்களையும் அழித்த செய்தியைப் பதிவு செய்திருப்பவர் பொன்னானி ஷைகு ஜைனுத்தீன் மக்தூம் அவர்களே. துஹ்ஃபதுல் முஜாஹிதீனைப் போர்த்துகீசியருக்கு எதிரான நூலாக மட்டுமே பாடம் நடத்தி வந்த நாம், அப்பக்கங்களை விரைந்து கடந்ததுண்டு. பின்னர் போர்த்துகீசியரின் கொடுமையும் சேர, கொடுங்கல்லூரை விட்ட யூதர்க்குக் கொச்சி அரசர் தம் அரண்மனையை அடுத்தே இடமளித்தார்.

அங்கு 1568இல் எழுந்த பரதேசி சினகாக்கினுள் காலணி களைந்தே நுழைந்தோம். சீனத்து நீலவெள்ளைத் தரைக்கற்களைவிட நம்மை நிறுத்தி வைத்தது, வெளிச்சுவரில் பதித்த 1344ஆம் ஆண்டின் எபிரேயக் கல்வெட்டு. கொச்சங்காடியில் இருந்து மறைந்த ஒரு தொழுகை இல்லத்தின் எச்சம் அது. கூட்டுத் தொழுகைக்கு வேண்டிய பத்து ஆண்களும் இன்று உள்ளூரில் இல்லை. பெரும்பாலோர் 1950களில் இஸ்ரேலுக்குச் சென்றுவிட்டனர்.

அத்தெருவில் பூத்தையல் கடை வைத்திருந்த யூத மூதாட்டி ஒருவர் 2019இல் தமது 96ஆம் வயதில் காலமானார். முதுமையில் அவரைப் பேணி, அவர் கடையையும் நடத்தியவர் ஒரு முஸ்லிம். அக்கடை வாயிலில் சற்று நேரம் நின்றிருந்துவிட்டு, ளுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசலை விசாரித்து நடந்தோம்.