ஊர் சுத்தமாக இருந்தால்தான் அரிசி: புதுச்சேரி உத்தரவு சொல்லாமல் சொன்னது என்ன? வாதங்களில் ஒளிந்திருக்கும் அனுமானங்களைக் கண்டுபிடிப்பது எப்படி?

டீக்கடையில் தொடங்கி டிவி விவாதம் வரை, ஒருவர் வாய்விட்டுச் சொல்வது வாதத்தின் பாதிதான். மீதிப் பாதியை "இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்று சொல்லாமலே விட்டுவிடுவார். பல நேரம் அந்தச் சொல்லாத பாதியில்தான் சிக்கலே இருக்கும். புதுச்சேரி கிராமங்களில் அரிசியை வைத்து நடந்த விவாதம் இதற்கு நல்ல உதாரணம்.

நடந்தது என்ன?

2018 ஏப்ரல் 28. புதுச்சேரியின் அன்றைய துணைநிலை ஆளுநர் கிரண்பேடி ஓர் உத்தரவைப் பிறப்பித்தார். திறந்தவெளியில் மலம் கழிக்காத, குப்பையும் பிளாஸ்டிக்கும் சிதறிக் கிடக்காத கிராமம் என்று சான்று பெற்ற கிராமங்களுக்கு மட்டுமே இலவச அரிசி என்பதுதான் அது. தொகுதி எம்.எல்.ஏ.வும் கொம்யூன் ஆணையரும் சேர்ந்து அந்தச் சான்றைத் தர வேண்டும். கடும் எதிர்ப்பு கிளம்பியதால், அன்றே உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது.

வில்லியனூர், பாகூர், மண்ணாடிப்பட்டு, அரியாங்குப்பம், நெட்டப்பாக்கம் ஆகிய ஐந்தும் புதுச்சேரி பகுதியின் கொம்யூன் பஞ்சாயத்துகள். உத்தரவு நீடித்திருந்தால் இங்குள்ள கிராமங்களின் ரேஷன் அட்டைதாரர்களைத்தான் நேரடியாகப் பாதித்திருக்கும்.

சொல்லாத அனுமானம் என்றால் என்ன?

"தம்பியும் வந்தான்" என்கிறோம். அவனைத் தவிர வேறு யாரோ வந்திருக்கிறார்கள் என்பதை அந்த ஓர் 'உம்' சொல்லிவிடுகிறது. இப்படிச் சொல்லாமல் எஞ்சி நிற்பதைத் தமிழ் இலக்கணம் 'எச்சம்' என்கிறது. தொல்காப்பியம் பத்து வகை எச்சங்களைப் பட்டியலிடுகிறது.

வாதத்திலும் இதே கதைதான். மணிமேகலையின் 29-வது காதை, ஒரு வாதத்தின் உறுப்புகளைப் பிரித்துக் காட்டுகிறது. மலையில் நெருப்பு இருக்கிறது என்பது முடிவு. புகை தெரிகிறது என்பது காரணம். புகை இருக்கும் இடத்தில் நெருப்பு இருக்கும் என்பதற்குச் சமையலறை எடுத்துக்காட்டு. நாம் தினசரிப் பேச்சில் முடிவையும் காரணத்தையும் மட்டும் சொல்லிவிட்டு, இரண்டையும் இணைக்கும் மூன்றாவதை விட்டுவிடுகிறோம். தத்துவவாதி ஸ்டீபன் டூல்மின் 1958-ல் வெளியிட்ட நூலில், சான்றிலிருந்து முடிவுக்குப் போக உதவும் இந்த இணைப்பைத்தான் தனியாக எடுத்து விளக்கினார்.

பாகூர் பக்கம் "ஏரி நிரம்பிடுச்சு, இனி நெல்லுக்குக் கவலை இல்ல" என்று ஒருவர் சொல்வதாக வைத்துக்கொள்வோம். தென்பெண்ணை தண்ணீர் பங்காரு வாய்க்கால் வழியாக ஏரிக்கு வந்துவிட்டது, சரி. ஆனால் ஏரியில் உள்ள தண்ணீர் கடைமடை வயல் வரை போய்ச் சேரும் என்பதை அவர் சொல்லவே இல்லை. மதகும் பாசன வாய்க்காலும் சரியாக இருந்தால்தான் அது உண்மை.

உத்தரவில் ஒளிந்திருந்தவை

ஊர் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் 'சுத்தம் இல்லை, அதனால் அரிசி இல்லை' என்று சொல்ல, நடுவில் சில விஷயங்களை உண்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

1. மனசு வைத்தால் முடியும்: அரிசி போய்விடும் என்ற பயம் வந்தால் பழக்கம் மாறிவிடும் என்பது முதல் அனுமானம். கழிப்பறை கட்ட இடமே இல்லாத வீடு, தண்ணீர் வராத கழிப்பறை, குப்பை வண்டி வராத தெரு என்றால், பயம் மட்டும் என்ன செய்யும்?

2. ஊர் முழுக்க ஒரே ஆள்: குப்பை போடுபவர் ஒருவர், அரிசி இழப்பவர் இன்னொருவர். ஊரே சேர்ந்து பொறுப்பேற்க வேண்டும், ஊரால் தன் ஆட்களைக் கட்டுப்படுத்த முடியும் என்பது இரண்டாவது அனுமானம்.

3. கேட்க ஆள் இருக்கிறது: குப்பை அள்ளச் சொல்லி யாரிடம் கேட்பது? புதுச்சேரியில் 38 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2006-ல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்தப் பதவிக்காலம் முடிந்தபின் தேர்தல் நடக்கவில்லை. ஆக, 2018-ல் கொம்யூன்களில் மக்கள் தேர்ந்தெடுத்த உள்ளாட்சிப் பிரதிநிதிகளே இல்லை. சான்று தர வேண்டிய ஆணையரின் நிர்வாகம்தான் துப்புரவுக்கும் பொறுப்பு. அந்த நிர்வாகம் வேலை செய்யாவிட்டால் அரிசி நிற்பது மக்களுக்கு.

4. அரிசி ஒரு பரிசு: நன்றாக நடந்தால் கொடுக்கலாம், இல்லையென்றால் நிறுத்தலாம் என்பது நான்காவது அனுமானம். 2013-ன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், தகுதியுள்ள குடும்பங்களுக்கு மானிய தானியத்தைச் சட்ட உரிமையாக்கியது. இலவச அரிசியோ புதுச்சேரி அரசின் தனித் திட்டம். அது உரிமையா, சலுகையா என்பதுதான் உண்மையான விவாதம். அதைப் பேசாமலேயே உத்தரவு ஒரு பக்கம் நின்றுவிட்டது.

அரிசியா, பணமா? இரண்டு பக்கமும் உண்டு

அனுமானம் ஆட்சியாளர்களின் பேச்சில் மட்டும் இருப்பதில்லை. ரேஷன் தானியத்துக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் செலுத்தும் முறை, நாட்டிலேயே முதல் கட்டமாக 2015 செப்டம்பரில் சண்டிகரிலும் புதுச்சேரியிலும் தொடங்கியது. பின்னர் இலவச அரிசிக்கும் அரிசியா, பணமா என்ற மோதல் அரசுக்கும் ஆளுநர் மாளிகைக்கும் இடையே பல ஆண்டு நடந்தது. 2024 அக்டோபரில், தீபாவளியை ஒட்டி ரேஷன் கடைகள் மீண்டும் திறக்கப்பட்டன.

இதில் கேட்ட வாதங்களும், அவை சொல்லாமல் விட்டவையும்:

• "பணமா குடுத்தா பிடிச்ச அரிசியை வாங்கிக்குவாங்க": வங்கியோ ஏடிஎம்மோ பக்கத்தில் இருக்கிறது, கடையில் விலை ஏறாது, பணம் மாதாமாதம் சரியாக வரும்.

• "பணம் குடுத்தா குடிச்சே அழிச்சிடுவாங்க": பணம் குடிப்பவர் கைக்குத்தான் போகும், வீட்டுப் பெண்களுக்கு அதில் பிடி இல்லை, இலவச அரிசியை யாரும் விற்க மாட்டார்கள்.

• "அரிசியா குடுத்தாதான் ஏழைக்குப் போய்ச் சேரும்": கடை தினமும் திறந்திருக்கும், எடை குறையாது, அரிசி சாப்பிடும் தரத்தில் இருக்கும்.

இவை எல்லாமே பொய் என்று அர்த்தமில்லை. வில்லியனூர் கடைத்தெரு பக்கம் உண்மையாக இருப்பது, பாகூரின் உள்கிராமத்தில் உண்மையாக இல்லாமல் போகலாம். அதனால்தான் சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

• பிரித்துப் பாருங்கள்: 'அதனால', 'அப்போ', 'இருந்தாதான்' போன்ற சொற்கள் வரும் இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு முன்னால் இருப்பது காரணம், பின்னால் இருப்பது முடிவு. இரண்டுக்கும் நடுவில் எது இருந்தால் பொருந்தும் என்று யோசியுங்கள்.

• தலைகீழாக்கிப் பாருங்கள்: கண்டுபிடித்த அனுமானத்தை 'இல்லை' என்று மாற்றுங்கள். வாதம் சரிந்துவிட்டால் அதுதான் தாங்கி நின்ற தூண். 'கழிப்பறை கட்ட இடம் இல்லை' என்று வைத்தால் அந்த உத்தரவின் முதல் அனுமானம் நிற்குமா?

• இந்த ஊருக்குப் பொருந்துமா என்று கேளுங்கள்: பொதுவாக உண்மை என்பது வேறு, இங்கே உண்மை என்பது வேறு.

• சொன்னவரிடமே கேளுங்கள்: அவர் நினைக்காத ஒன்றை அவர் தலையில் கட்டக் கூடாது. "அண்ணே, எல்லா வீட்லயும் கழிப்பறை இருக்குன்னு வச்சுத்தானே பேசறீங்க?" என்று கேட்டாலே போதும். சண்டை போட வேண்டிய இடத்தில் பேச்சு தொடங்கும்.

அதேபோல உங்கள் வாதத்தையும் ஒருமுறை சோதித்துப் பார்க்கலாம். நமக்குப் பிடித்த முடிவு என்றால், நடுவில் விட்டுப்போனது நம் கண்ணில் சுலபமாகப் படாது.