கல் உப்பும் கழுத்துச் சுரப்பியும்

இங்கே நெருளில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் ஊருக்குப் போய்த் திரும்பும்போது மூட்டையில் என்னென்ன வரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புளி, கருப்பட்டி, வற்றல்... சில வீடுகளில் கல் உப்பும்! "பாக்கெட் உப்பெல்லாம் கெமிக்கல், நம்ம தூத்துக்குடி உப்புதான் உடம்புக்கு நல்லது" என்ற விளக்கமும் கூடவே வரும். அந்த விளக்கத்துக்குப் பதில் ஒரு பழைய கதையில் இருக்கிறது.

முதலில் தைராய்டு. குரல்வளைக்குக் கீழே வண்ணத்துப்பூச்சி வடிவில் இருக்கும் சின்னச் சுரப்பி. உடம்பு எவ்வளவு வேகத்தில் எரிபொருளைச் செலவழிக்க வேண்டும் என்பதை இதன் ஹார்மோன்கள்தான் பெரும்பாலும் முடிவு செய்கின்றன. உடல் சூடு, இதயத் துடிப்பு, எடை, குழந்தையின் மூளை வளர்ச்சி எல்லாம் இதைச் சார்ந்தவை. இதற்கு மேஸ்திரி, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி. ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் குறைந்தால் டிஎஸ்எச் என்ற ஹார்மோனை அதிகமாக அனுப்பி வேலை வாங்கும். கூடினால் அதைக் குறைத்துக்கொள்ளும். ஏசி தானாக ஓடி, தானாக நிற்பது மாதிரி.

எல்லாம் சரி, கச்சாப்பொருள் வேண்டுமே? அதுதான் அயோடின். டி4 ஹார்மோனில் 4 அயோடின் அணுக்கள், டி3-ல் 3. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 150 மைக்ரோகிராம். வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்தால் ஒரு டீஸ்பூன்கூட வராது! அதுவும் கிடைக்காவிட்டால் மேஸ்திரி விரட்டிக்கொண்டே இருப்பார். சுரப்பி வீங்கும். அதுதான் முன்கழுத்துக் கழலை.

மழையும் பனியும் மண்ணிலிருந்த அயோடினை அடித்துக்கொண்டு போன இமயமலை அடிவாரத்தில் இந்தக் கழலை மிகச் சாதாரணம். 1956-ல் டாக்டர் வி. ராமலிங்கசுவாமியும் (ஆந்திராக்காரர், பின்னாளில் டெல்லி எய்ம்ஸ் இயக்குநர்) அவர் குழுவினரும் இமாசலத்தின் காங்க்ரா பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாகப் பிரித்தார்கள். இரண்டு பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பு, ஒன்றுக்குச் சாதா உப்பு. சில வருடங்களில் அயோடின் உப்பு போன இடங்களில் கழலை வெகுவாகக் குறைந்தது. சாதா உப்புப் பகுதியில் மாற்றமே இல்லை. 1962-ல் மத்திய அரசு தேசியக் கழலைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது.

"அது மலைக்காரங்க வியாதி, கடற்கரையில் பிறந்த நமக்கென்ன?" என்றுதான் பலரும் நினைத்தார்கள். பிறகு நடந்த ஆய்வுகளில் சமவெளியிலும் கடலோரத்திலும்கூடக் குறைபாடு தெரிந்தது. கடல் நீரைக் காய்ச்சி எடுத்த உப்பில் அயோடின் மிக மிகக் கொஞ்சம்தான் தங்குகிறது. உப்பளம் பக்கத்தில் இருந்தால் மட்டும் போதாது என்று அப்போதுதான் புரிந்தது. 1984-ல் நாடு முழுவதும் சமையல் உப்பில் அயோடின் சேர்ப்பது என்று முடிவானது. 1998-ல் அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கத் தடை. 2000-ல் 'மக்கள் விருப்பம்' என்று சொல்லித் தடையை எடுத்தார்கள். மருத்துவர்கள் போராடினார்கள். 2006 மே 17 முதல் தடை திரும்ப வந்தது.

இனி நம் கதை. உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. ஆனால் 2018-19-ல் நடந்த நாடு தழுவிய ஆய்வில், போதுமான அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் இந்தியாவில் 76.3 சதவீதம், தமிழ்நாட்டில் வெறும் 61.9. மாநிலங்களில் கடைசி இடம்! ஊருக்கெல்லாம் உப்பு விளைவிக்கும் நாம், நம் வீட்டு அடுக்களையில் கோட்டை விட்டிருக்கிறோம்.

இதில் அதிகம் இழப்பது பிறக்காத பிள்ளை. கர்ப்பத்தின் முதல் மாதங்களில் அதற்குத் தாயின் தைராய்டு ஹார்மோன்தான் ஆதாரம். அந்தச் சமயத்தில் கடுமையான அயோடின் குறைபாடு மூளையைப் பாதித்தால் பிற்பாடு சரிசெய்ய முடியாது. கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு 250 மைக்ரோகிராம் வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எல்லாத் தைராய்டுக் கோளாறும் அயோடினால் வருவதல்ல. மாத்திரை சாப்பிடுபவர்கள் உப்பை நம்பி நிறுத்திவிடாதீர்கள். அயோடினுக்காக உப்பைக் கூட்டிப் போடவும் வேண்டாம். கல் உப்புதான் ருசி என்றால் அயோடின் சேர்த்த கல் உப்பே கடையில் கிடைக்கிறது. பாக்கெட்டில் பார்த்து வாங்கி, மூடி போட்ட டப்பாவில் அடுப்புச் சூடு படாமல் வையுங்கள். ஊரில் இருக்கும் அம்மாவுக்கும், முக்கியமாகப் பிள்ளைத்தாய்ச்சித் தங்கைக்கும், அடுத்த முறை போன் பேசும்போது ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.