காட் பாறையும் கிடைக்காத டாக்டர் பட்டமும்

மும்பையிலிருந்து புனே போகிற ரயில் கர்ஜத் தாண்டி மலை ஏறும்போது இரண்டு பக்கமும் கருப்பாகப் பாறை வரும். வடா பாவ் பொட்டலத்தைப் பிரிக்கிற மும்முரத்தில் நாம் அதைப் பார்ப்பதில்லை. சுமார் 6.6 கோடி வருடங்களுக்கு முன் வழிந்த எரிமலைக் குழம்பு ஆறிய பாறை அது. மகாராஷ்டிராவின் பெரும்பகுதி இதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

இந்தியப் பாறைகளை ஆராய்ந்த ஒரு மாணவருக்கு கேம்பிரிட்ஜ் டாக்டர் பட்டம் தர மறுத்த கதை தெரியுமா? பெயர் எட்வர்ட் இர்விங். 1927-ல் இங்கிலாந்தில் பிறந்தவர்.

விஷயம் இதுதான். குழம்பு ஆறும்போது அதிலுள்ள இரும்புத் தாதுக்கள் அந்த நேரத்து பூமியின் காந்தத் திசையை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். தொங்கவிட்ட காந்த ஊசி பூமத்திய ரேகையில் படுக்கையாக நிற்கும். துருவத்தை நோக்கிப் போகப் போகச் சாய்ந்து, அங்கே செங்குத்தாகிவிடும். ஆக, பாறைக்குள் இருக்கும் சாய்வை அளந்தால் அது எந்த அட்சரேகையில் உருவானது என்று சொல்லிவிடலாம். கிட்டத்தட்ட பிறப்புச் சான்றிதழ்!

அளந்த திசைகள் ஒன்றுபோல இருக்காது, கொஞ்சம் சிதறும். அதற்கான கணக்கு முறையை 1953-ல் வெளியிட்டவர் ஆர்.ஏ.ஃபிஷர். பி.காம். படித்தவர்கள் புள்ளியியல் பாடத்தில் இவர் பெயரைக் கேட்டிருப்பீர்கள். அவரேதான்.

ரன்கார்ன் என்ற பேராசிரியரிடம் 1951-ல் சேர்ந்த இர்விங், இந்தியாவிலிருந்து பாறைத் துண்டுகள் வரவழைத்து அளந்தார். இந்தியா தெற்கிலிருந்து சுமார் 6,000 கிலோமீட்டர் வடக்கே நகர்ந்திருக்கிறது, 30 டிகிரிக்கு மேல் இடப்பக்கமாகத் திரும்பியும் இருக்கிறது என்று வந்தது. கண்டங்கள் நகர்கின்றன என்று வெக்னர் 1912-லேயே சொல்லியிருந்தார். பலர் சிரித்தார்கள். இப்போது கையில் அளவு இருந்தது.

1954-ல் ஆய்வேட்டைக் கொடுத்தார். துறை அவ்வளவு புதிது, தேர்வாளர்களுக்கே பிடிபடவில்லை. பட்டம் இல்லை என்றுவிட்டார்கள். (புது மாதிரித் தொழிலுக்குக் கடன் கேட்டு வருகிற ஃபைல் படும் பாட்டைத் தினமும் பார்க்கிறவன் என்பதால் எனக்கு இதில் ஆச்சரியமில்லை.)

பட்டம் இல்லாமலே கான்பெராவில் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகம் அவருக்கு ஆய்வு வேலை கொடுத்தது. பத்து வருடம் அந்த நாடு முழுக்கப் பாறை பொறுக்கினார், கட்டுரை கட்டுரையாக எழுதினார். 1964-ல் கனடா போனார். 2014-ல் காலமாகும் வரை இதே துறைதான்.

1965-ல் அதே கேம்பிரிட்ஜ், அவர் கட்டுரைகளைப் பார்த்து, பிஎச்.டி.க்கும் மேலான எஸ்சி.டி. பட்டத்தைக் கொடுத்தது.