இன்னொரு குடிகாரனைத் தேடி

திருப்பூரில் சனிக்கிழமைதான் சம்பள நாள். பனியன் கம்பெனிகளில் வாரக் கணக்கு முடிந்து சாயங்காலம் கவர் கைக்கு வரும். என் மாமா கட்டிங் மாஸ்டர். அவருடைய கவர் முழுசாக வீடு வந்து சேர்ந்து வருஷக்கணக்காகிறது. போன வருஷம் ஒரு சனிக்கிழமை ராத்திரி அத்தை போன் செய்தார். "கண்ணு, நீ கம்ப்யூட்டர்ல தேடுனா ஏதாச்சும் எடம் கெடைக்குமா? உங்க மாமனக் கூட்டிட்டுப் போகோணும்."

தேடினேன். விளம்பரங்கள், பூட்டிய கேட் போட்ட மையங்கள், எடுக்கப்படாத எண்கள். கடைசியாக ஒரு எண்ணில் பேசியவர் டாக்டர் இல்லை. "நானும் குடிச்சவன்தானுங்க" என்றுதான் ஆரம்பித்தார். அடுத்து அவர் கேட்டது, "காலையில கை நடுங்குதுங்களா? அப்படின்னா டக்குனு நிறுத்தச் சொல்லாதீங்க. வலிப்பு வரலாம். மொதல்ல டாக்டர், அப்புறம் மீட்டிங்."

ஒரு குடிகாரர் இன்னொரு குடிகாரருக்காகப் போனை எடுக்கும் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? அதற்கும் ஒரு தொழில் நகரம்தான் பிறந்த இடம். திருப்பூருக்குப் பனியன் மாதிரி அமெரிக்காவின் ஆக்ரனுக்கு டயர். 1935 மே மாதம் வியாபார விஷயமாக அங்கே போன நியூயார்க்காரர் பில் வில்சனுக்குப் போன காரியம் ஊத்திக்கொண்டது. குடியை விட்டு ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. ஹோட்டல் வரவேற்பறையில் ஒரு பக்கம் மதுக்கூடம், இன்னொரு பக்கம் தொலைபேசி. அவர் தொலைபேசியின் பக்கம் போனார். உள்ளூர்ப் பாதிரியார்களைக் கூப்பிட்டு, குடியால் அவதிப்படும் யாரையாவது சந்திக்க முடியுமா என்று விசாரித்தார். அப்படித்தான் டாக்டர் பாப் ஸ்மித் என்கிற அறுவை சிகிச்சை நிபுணர் கிடைத்தார். கால் மணி நேரம் மட்டும் என்று வந்தவர் ஆறு மணி நேரத்துக்கு மேல் பேசினார். இடையில் ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போய் மறுபடி குடித்தார். அவர் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10-ஐத்தான் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' தன் பிறந்த நாளாக வைத்திருக்கிறது. மீண்டும் சறுக்கியது அந்தப் பிறப்புக் கதையிலேயே இருக்கிறது.

நம்மூர் மதுவிலக்கு வரலாறு வேறு திசையில் போனது. திருப்பூருக்குப் பக்கத்து ஊரான ஈரோட்டில் 1921-இல் கள்ளுக்கடை மறியல். நாகம்மையும் கண்ணம்மாவும் தெருவில் இறங்கினார்கள். காங்கிரஸில் இருந்த பெரியார் தன் தோப்புத் தென்னைகளையே வெட்டினார். 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். வருமான இழப்பை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி வந்தது. 1948-இல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. 1971-இல் கருணாநிதி திறந்தார், 1974-இல் மூடினார். 1981-இல் எம்.ஜி.ஆர். திறந்தார். 2003-இல் சில்லறை விற்பனையே டாஸ்மாக் கைக்குப் போனது.

இதெல்லாம் கடையின் வரலாறு. கடைக்கு எதிரே நின்றவர்களின் துணிச்சலை நான் குறைத்துச் சொல்லவில்லை. உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 2017-இல் நெடுஞ்சாலையோரக் கடைகள் அகற்றப்பட்டபோது அவை குடியிருப்புகளுக்குள் நகர்ந்தன. அந்த ஏப்ரலில் எங்கள் மாவட்டத்துச் சாமளாபுரத்தில் பெண்கள் மறித்தார்கள். போலீஸ் அதிகாரி ஒருவர் ஒரு பெண்ணை அறைந்த காணொளியை நாடே பார்த்தது. ஆனால் கடை திறந்தாலும் மூடினாலும் கை நடுங்குகிற மனுஷன் ஒருத்தர் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் பேசியது யார்?

அந்த வரலாறு சத்தமில்லாதது. ஏஏ 1957-இல் பம்பாயில் தொடங்கியது. சென்னையில் சாந்தி ரங்கநாதன், கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த பிறகு, 1980-இல் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையை ஆரம்பித்தார். நகரத்துக்கு வர முடியாதவர்களுக்காக அது மஞ்சக்குடி போன்ற கிராமங்களுக்கே போய் முகாம் போட்டது. 'குடிகாரன்' என்கிற வசவுக்குப் பக்கத்தில் 'குடிநோயாளி' என்கிற சொல் வந்து உட்கார்ந்ததும் இப்படிப்பட்ட இடங்களில்தான்.

டாக்டரைப் பார்த்து, மருந்து முடித்து, மாமாவோடு மீட்டிங் போனேன். குடும்பத்தினரும் வரலாம் என்கிற திறந்த கூட்டம். பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில் வட்டமாக நாற்காலிகள், டீ. தையல்காரர் ஒருவர், சாயப்பட்டறைக்காரர் ஒருவர், ரிட்டையர்டு வாத்தியார் ஒருவர். இனிஷியல் கிடையாது. ஒவ்வொருவரும் பேரைச் சொல்லி, குடிநோயாளி என்று சொல்லிவிட்டுத் தன் கதையை மட்டும் பேசினார்கள். அறிவுரை இல்லை. நடுவில் ஒரு தட்டு வந்தது. நான் 500 ரூபாய் எடுத்தேன். பக்கத்திலிருந்தவர் என் கையைத் தள்ளினார். "குடிக்காதவங்ககிட்ட வாங்கறதில்லைங்க தம்பி." வெளியாள் பணம் வேண்டாம் என்பது அவர்களுடைய மரபுகளில் ஒன்று.

குறைகளும் கண்ணில் பட்டன. அந்த அறையில் ஒரு பெண்கூட இல்லை. பேச்சு முழுக்கத் தமிழ். அப்படியென்றால் எங்கள் ஊர்க் கம்பெனிகளில் தைக்கும் ஒடிசா, பிகார் பையன்கள் எங்கே போவார்கள்? கடவுளைப் பற்றிய பேச்சு என்னை நெளிய வைத்தது. மாமாவுக்கு அது பிரச்சினையாகவே இல்லை.

தீபாவளி போனஸ் வந்த ராத்திரி மாமா குடித்தார். நான் கோபத்தில் போனை எடுக்கவில்லை. அந்த அறையிலிருந்த தையல்காரர்தான் வீட்டுக்கே போய்க் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். மாமா அப்புறம் என்னிடம் சொன்னார், "யாரும் ஏன்னு கேக்கல மாப்ள. டீ குடுத்தாங்க. மறுபடி மொத நாள்னு சொல்லச் சொன்னாங்க." ஆக்ரன் டாக்டரின் கதையை நான் அப்போதுதான் அவருக்குச் சொன்னேன். "டாக்டருக்கேவா?" என்று கொஞ்ச நேரம் சிரித்தார்.

போன சனிக்கிழமை அத்தையிடம் கவர் வந்ததா என்று கேட்டேன்.

"கவர் வந்துருச்சு கண்ணு. ஆளுதான் இன்னும் வரல. புதுசா ஒருத்தர் போன் பண்ணுனாராம், அவரப் பாக்கப் போயிருக்காரு."