கருவியும் கலைஞரும்: கொழும்புத் தமிழரிடையே ஓவியர் அடையாளம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

போர்க்காலத்தை வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ கழித்த தலைமுறையினருக்கு ‘அடையாளம்’ என்னுஞ் சொல் முதலில் நினைவூட்டுவது தேசிய அடையாள அட்டையையே. இக்கட்டுரை ஆராய முனைவது பிறிதோர் அடையாளத்தை. எனினும் இவ்விரண்டும் தொடர்பற்றவையல்ல என்பது போகப்போகப் புலனாகும்.

தூரிகையும் வண்ணமும் இன்றிக் கணினித் திரையில் வரைவோர் இன்று இப்பகுதிகளிற் பலர் உள்ளனர். அவர்களை நோக்கி எழுப்பப்படும் வினா ஒன்றுதான்: வரைவது நீரா, பொறியா? குடும்பத்தார் அதனைக் கணினி வேலை என்பர். ஓவியக் கல்வி பெற்றோர் அதனை ஓவியமெனக் கொள்ளத் தயங்குவர். இவ்வினா புதிதெனப் பலரும் கருதுகின்றனர். கொழும்பின் கலை வரலாற்றை நோக்கின் அது குறைந்தது மூன்று முறையேனும் எழுந்து விடைபெற்ற வினா என்பது தெளிவாகும். ஒவ்வொரு முறையும் விடை தந்தது கருவியன்று. கலைஞரைச் சூழ்ந்து அமைந்த கூட்டமே.

கொட்டாஞ்சேனையை அடுத்துள்ள பொன்னம்பலவாணேசுவரர் ஆலயம் சேர் பொன்னம்பலம் இராமநாதனால் 1907க்கும் 1912க்கும் இடையிற் கருங்கல்லிற் புதுக்கிக் கட்டப்பட்டது. அதன் தூண்களைச் செதுக்கிய தென்னிந்தியச் சிற்பியர் ‘நான் கலைஞனா?’ என வினவவேண்டிய நிலையில் இருக்கவில்லை. குலமும் குருவும் உளியும் ஒருங்கே வாய்த்த அவர்களுக்கு அடையாளம் பிறப்போடு வந்தது. இதே காலத்திலேயே, 1908இல், கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய தம் பெருநூலை வெளியிட்டார். இயந்திரத் தொழில் கைவினைஞரின் சமூகத்தையே குலைக்கின்றது என்பது அவரது வாதம். அக்கொள்கைக்கு இயைய, வில்லியம் மொறிசு பயன்படுத்திய கையச்சுப் பொறியில் அந்நூலின் 425 பிரதிகளை அச்சிடுவித்தார். ஆயினும் அந்நூலுக்கு ஒளிப்படங்கள் தேவைப்பட்டன. கைவினையின் காவலருக்கும் புகைப்படக்கருவி வேண்டியிருந்தது என்பது கருதத்தக்கது. அவர் உண்மையில் அஞ்சியது பொறியையன்று. பொறியின் வருகையாற் சிதறக்கூடிய கூட்டத்தையே எனலாம்.

முதன்முறை இவ்வினா வெளிப்படையாக எழுந்தது புகைப்படக்கருவி தொடர்பிலாகும். லயனல் வென்ட் (1900-1944) ஒளிப்படத்தை வெறும் பதிவாகக் கொள்ளாது, இருட்டறையில் ஒளியை மாற்றியும் படங்களை ஒன்றன்மேலொன்று பொருத்தியும் புதிய உருவங்களைப் படைத்தார். இன்று கணினியிற் செய்யப்படும் பலவற்றின் முன்னோடி வடிவங்களை அவருடைய இருட்டறையிற் காணலாம். அவர் கலைஞராக ஏற்கப்பட்டமைக்கு அத்திறன் மட்டும் காரணமன்று. 1943 ஓகத்தில் அவரது இல்லத்திற் கூடிய ஓவியரே ‘43 குழு’வாயினர். சோர்ச் கீற், ஐவன் பீரிசு, யசுடின் தெரணியகல, மஞ்சுசிறீ முதலியோர் அதன் உறுப்பினர். அக்குழுவின் முதற் கண்காட்சி அவ்வாண்டு நவம்பரில் இலங்கைப் புகைப்படச் சங்கத்தின் மண்டபத்தில் நடைபெற்றது. ஓவியருக்கு இடங்கொடுத்தது புகைப்படச் சங்கம். புகைப்படக்காரருக்குக் கலைஞர் என்னும் பெயரைக் கொடுத்தது ஓவியர் குழு. ஆயினும் அக்கூட்டத்தின் வாசல் பெரும்பாலும் ஆங்கிலங் கற்ற வர்க்கத்தினருக்கே திறந்திருந்தது. தமிழில் மட்டும் சிந்தித்துப் பேசிய கொழும்பு ஓவியர் அதற்குப் புறத்தேயே நின்றார்.

அவருக்குரிய கூட்டத்தை உருவாக்கியது அச்சகமே. 1930 முதல் வெளிவந்த ‘வீரகேசரி’யும், லேக்கவுசிலிருந்து வெளிவந்த ‘தினகரன்’ நாளேடும் தமிழ்ச் சித்திரகாரருக்கு ஊதியமும் வாசகரையும் அளித்தன. இவ்வகையிற் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவர் சி. சிவஞானசுந்தரம் (1924-1996). கரவெட்டியிற் பிறந்து, பம்பாய் சென்று கற்றுத் திரும்பிய அவர், ‘சுந்தர்’ என்னும் பெயரிற் ‘தினகர’னில் ‘சவாரித் தம்பர்’ கேலிச்சித்திரத்தை வரைந்தார். 1960களின் முற்பகுதியிற் கொழும்பிலே ‘சிரித்திரன்’ இதழைத் தொடங்கினார்.

அன்றைய அச்சுமுறையில் மைக்கோட்டாற் சித்திரம் வரைந்து, அதனைப் ‘புளொக்’ ஆக்கி, ஈயவெழுத்துகளோடு சேர்த்து அச்சிடவேண்டும். நுண்ணிய சாயல்கள் அதிற் சரிவரப் பதியா. தடித்த, தெளிவான கோட்டிற்கே வாழ்வுண்டு. ஆகவே சித்திரகாரரின் பாணியை ஓரளவு பொறியே வரையறுத்தது. அதனால் அவரது தனித்துவம் குன்றவில்லை. தம்பரின் பேச்சும் தோற்றமும் வாசகரின் அயலாரை ஒத்திருந்தன. ‘மகுடி’ என்னுங் கேள்வி பதிற் பகுதி வாயிலாக வாசகர் இதழோடு உரையாடினர். காட்சிக்கூடம் ஒன்றும் அழைக்காத ஓவியரை மாதந்தோறும் ஆயிரம் வீடுகள் வரவேற்கக்கூடிய நிலையை அச்சு ஏற்படுத்திற்று. 1970களின் தொடக்கத்தில் ‘சிரித்திரன்’ யாழ்ப்பாணத்திற்கு இடம்பெயர்ந்தது. அவ்விடப்பெயர்வு தலைநகர்த் தமிழோவியருக்கு ஓர் இழப்பாகும்.

அதனினும் பெரிய இழப்பு 1983 யூலையில் நேர்ந்தது. வெள்ளவத்தையில் வீடுகளும் கடைகளும் எரிந்தன. ஓவியங்களும் மூலப்படிகளும் வீட்டுடைமைகளே. வீடு எரிந்தபோது அவையும் எரிந்தன. பலர் கடல் கடந்தனர். பின்னர் வடக்கு கிழக்கிலிருந்து வந்தோர் இவ்விரு பகுதிகளின் விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் தங்கினர். 2007 யூன் 7ஆந் திகதி கொழும்பு விடுதிகளிலிருந்து 376 தமிழர் பேருந்துகளில் ஏற்றப்பட்டு நகரை விட்டு அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அவ்வெளியேற்றத்தைத் தடுத்தது. ஆயினும் தங்கும் அறையே நிலையற்றதெனின் கலைக்கூடம் எங்ஙனம் அமையும்? கூடிப் பேசுவதே ஐயத்திற்கு உரியதாகிய நகரில் ஓவியர் குழு எங்ஙனம் தோன்றும்? அடையாள அட்டையின் வரலாறும் கலைஞர் அடையாளத்தின் வரலாறும் சந்திக்கும் இடம் இதுவே.

இத்தகைய சூழலிலேயே கணினி வந்து சேர்ந்தது. உலகில் அக்கலையின் தொடக்கமும் பிணக்கின்றி நிகழவில்லை. 1965இல் சேர்மனியின் சுற்றுட்கார்ட் நகரிற் கெயோர்க் நீசு கணினி வரைபுகளைக் காட்சிப்படுத்தியபோது அங்கிருந்த ஓவியர் சிலர் வெகுண்டனர் என்பர். 1968இல் இலண்டனில் நடைபெற்ற ‘சைபர்னெற்றிக் செரன்டிபிற்றி’ கண்காட்சி அதனைப் பொதுமக்களிடையே பரப்பிற்று. ஆங்கு அது ஆய்வுகூடத்திற் பிறந்த கலை. இங்கோ அது இடமற்றோரின் கலையாயிற்று. கலைக்கூடம் வேண்டாத, வண்ணச்செலவு குறைந்த, இடம்பெயரும்போது பையில் அடங்கும் கருவியை இடமற்றவர் விரும்பியது வியப்பன்று.

ஆயினும் சிரித்திரன் வாசகரும் இன்றைய பார்வையாளரும் ஒரே தன்மையினரல்லர். வெள்ளவத்தையில் வரைந்த படத்தை அன்றிரவே தொறொன்ரோவிலும் பாரிசிலும் காண்கின்றனர். ஆனால் ஒவ்வொருவரும் தனித்தே காண்கின்றனர். விருப்பத்தின் எண்ணிக்கை விமரிசனமாகாது. தொலைவிலுள்ளோர் தமிழ்க் கலைஞரிடம் போரின் துயரை மட்டும் எதிர்பார்க்கும் நிலையும் உண்டு. அவ்வெதிர்பார்ப்பை நிறைவேற்றுவதே அடையாளமாகிவிடின் ஓவியர் மீண்டும் ஓர் அட்டைக்குள் அடைபடுவார்.

நம்பிக்கைக்குரிய முயற்சிகளும் இல்லாமலில்லை. 2005இல் தொடங்கப்பெற்ற ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தின் வாயிலாகச் ‘சிரித்திரன்’ இதழ்களை இன்றைய இளைஞர் திரையிற் காண முடிகின்றது. சுந்தர் வரைந்த கோட்டையும் தம் கோட்டையும் அவர் அருகருகே வைத்து நோக்கலாம். 2013 முதல் நடைபெற்று வரும் ‘கொழும்பொசுகோப்’ கலைவிழாவும், 2019இல் மும்மொழியிற் பணியாற்றத் தொடங்கிய நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகமும், 1943இல் ஆங்கிலத்துக்கே பெரும்பாலும் திறந்த வாசலைச் சிறிது அகலப்படுத்தியுள்ளன.

வென்ட்டின் மறைவிற்குப் பின் அவருடைய எதிர்ப்படிவங்கள் அழிக்கப்பட்டன. அச்சிட்டுப் பிறர் கையிற் சேர்ந்த படங்களே அவரை வாழ்வித்தன. 1983இல் எரிந்த மூலப்படிகளைப் பற்றி நாம் அறியவே வழியில்லை. கணினிக் கோப்பு தீயில் எரியாதெனினும், பழுதுற்ற ஒரு வன்தட்டில், மறந்துபோன ஒரு கடவுச்சொல்லில் ஓசையின்றி மறையும். ஆகவே இன்றைய ஓவியர் எதிர்நோக்கும் சிக்கல் ‘பொறியால் வரைந்தது கலையா?’ என்பதன்று. அவர் வரைந்ததைக் கூடியிருந்து பார்த்து, தமிழில் வாதிட்டு, பாதுகாத்து வைப்போர் யாவர் என்பதே. அக்கூட்டத்தை வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு சிறு மண்டபத்திற் கூட்டுவதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் அப்பணியைத் தமதாகக் கொள்ளுதல் தகும்.